நாலாம் வலு

நஸ்மிலின் கடையில் இரண்டே வகைக் குழாய் இருந்தது.
ஒன்று பத்தொன்பது மில்லிமீற்றர், சுவர் ஒன்றரை.
மற்றது இருபத்தைந்து, சுவர் வெறும் ஒன்று.
"தடிச்ச சுவர்தான் உறுதி" என்றார்.
காத்தான்குடியில் பாதி யன்னல் அவர் பொருத்தியது,
அந்தத் தைரியத்தில் சொன்னார்.

மின்சாரப் பட்டியலின் முதுகில் கணக்குப் போட்டேன்.
வெளிவிட்டத்தின் நாலாம் வலு,
அதிலிருந்து உள்விட்டத்தின் நாலாம் வலு.
பையையும் அறுபத்து நாலையும் விட்டுவிட்டேன்,
இரண்டு பக்கமும் ஒரே பை, ஒரே அறுபத்து நாலு.
சின்னதற்கு 64785.
பெரியதற்கு 110784.
அலுமினியமோ பெரியதில்தான் குறைவு,
நூற்றைந்துக்குத் தொண்ணூற்றாறு.

குறைந்த பாரம், ஒன்றே முக்கால் மடங்கு விறைப்பு.
நடுவில் கிடக்கும் உலோகம் சும்மா கிடக்கிறது,
விளிம்புக்குத் தள்ளினால்தான் வேலை செய்கிறது.
"ஒண்டுமில்லாத இடத்துக்கா காசு குடுக்கிறீங்க?"
"ஓம். அதுக்குத்தான்."
இரண்டு நீளம் வாங்கி
எண்ணூற்று அறுபதாக எட்டுத் துண்டு.

கிறிசாந்திக்கு எக்ஸ்ரே அறையில் பகல் வேலை.
கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"தொடை எலும்பை நான் தினமும் படம் எடுக்கிறன்.
அதுவும் குழாய்தான், இதுவும் குழாய்தான்.
நடுவில முறியிறதை விட
மூட்டில பிழைக்கிறதுதான் கூட."
அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

வலையிறவுப் பாலத்தடியில் மறித்தார்கள்.
மோட்டார் சைக்கிளில் குறுக்காக எட்டுக் குழாய்,
இரவு ஏழரை மணி,
யாருக்கும் கேட்கத் தோன்றும்.
ஒன்றை உருவிக் கண்ணில் வைத்து
தெருவிளக்கைப் பார்த்தார் பொலிஸ்காரர்.
எங்கள் தொலைநோக்கியால் முதலில் பார்த்தவர் அவர்.
ஆடி இன்னும் பொருத்தவில்லை.

வவுணதீவில், அறுத்த வயல்.
வைகாசி. கச்சான் விடாமல் வீசிற்று.
உச்சியைப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்கு,
பாரம் குழாய் வழியே நேராக இறங்கிவிடும்.
எங்களுக்கு வேண்டியது தெற்கு.
சிலுவை அடிவானத்திலிருந்து இருபத்திரண்டு பாகை,
அதைப் பிடிக்கக் குழாய்களைச் சாய்த்தால்
மேற்கூண்டு இரண்டு கிலோ
தூண்டிலில் மீன் போல் தொங்கும்.
கணக்கில் தொய்வு தலைமயிரில் கால்வாசி.
கண்ணில் இரண்டு மில்லிமீற்றர்.
வெள்ளிகளுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன்.
முக்கோணமாய்க் கட்டிய குழாய் வளைவதில்லை,
இழுபடும், அல்லது அழுத்தப்படும், அவ்வளவுதான்.
அங்கே நாலாம் வலுவுக்கு வேலையில்லை.
சுவரில் எவ்வளவு உலோகம், அதுதான் கேள்வி.
அந்தக் கேள்விக்கு நஸ்மில் சொன்னது சரி,
நூற்றுக்கு ஒன்பது சரி.
என்னுடைய பெரிய எண்
காற்றில் குழாய் நடுங்குவதற்கு மட்டும் ஆகும்.

ஆனால் ஒன்பது வீதம் இரண்டு மில்லிமீற்றர் ஆகாது.

குழாய்களைக் கழற்றி மேசையில் போட்டோம்.
கிறிசாந்தி நடுவைப் பார்க்கவேயில்லை.
நுனியைத் தொட்டாள்.
ஆணி போட வசதியாக
பதினாறு நுனியையும் நானே
சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கியிருந்தேன்.
தகடு.
எந்த வெறுமைக்குக் காசு கொடுத்தேனோ
அதைக் கடைசி ஓர் அங்குலத்தில் அடித்து மூடியிருக்கிறேன்.
"நான் சொன்னனான் தானே" என்று அவள் சொல்லவில்லை.
தேநீரை உறிஞ்சிய சத்தம் அப்படித்தான் கேட்டது.

சப்பையை அரிந்து எறிந்தோம்.
தும்புத்தடிக் கம்பை இருபத்து மூன்றுக்குச் சீவி
பதினாறு அடைப்பு, பதினாறு திருகாணி.
வீடு கூட்ட இப்போது குனிய வேண்டும்.

இரண்டாம் இரவும் கச்சான்.
ஓமேகா சென்டாரி
கொட்டிய சீனி போல், ஒவ்வொரு மணியும் தனியாக.
குழாயில் விரலை வைத்தேன்,
நடுங்கியது, நின்றது.
கிறிசாந்தி கண்ணை எடுக்கவில்லை.
என் முறை வர இருபது நிமிடம்.

திங்கட்கிழமை பட்டியல் கட்டப் போனேன்.
கவுண்டரில் இருந்தவர் காசை எண்ணி,
தாளை எந்தப் பக்கம் என்று பாராமல்
முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
செலுத்தப்பட்டது என்ற நீல மை
110784 இன் மேல் விழுந்தது.